ஒரு ‘சரி’க்காக ரங்கத் வரை

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்குக் கிளம்பினேன். தனியாக இவ்வளவு தூரம் போனது எனக்கு அதுதான் முதல் முறை. கடற்கரை பார்க்கப் போகவில்லை, உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. ரங்கத் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜமால் அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

பேருந்து, கான்வாய், தங்குமிடம் என்று தேடிக்கொண்டு இந்தப் பதிவுக்கு வந்தவர்களுக்கு நேரமும் கட்டணமும் சரியாகக் கொடுத்திருக்கிறேன். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள், குறிப்பாக எங்கள் குழுவில் இருப்பவர்கள், நடுவில் வருவதையும் படித்துவிடுங்கள்.

முதலில் அந்தக் குழுவைப் பற்றி. நான் அந்தமான் தலைநகரை ஒட்டிய புரோத்ராபூரில் வளர்ந்தவள். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அபர்டீன் பஜாரில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படித்ததைவிட, தமிழில் நடக்கும் ஒரு பைத்தான் குழுவில் கைப்பேசி வழியாகப் படித்தது அதிகம். நானூறு பேருக்கு மேல் இருக்கிறோம். சேலத்திலிருந்து முரளி சார் நடத்துகிறார். கணினித் திரையைச் சாய்வாகப் படமெடுத்து “சார் எர்ரர்” என்று மட்டும் போடுகிறவர்கள் உண்டு. “படம் வேண்டாம் தம்பி, கோடிங்கை ஒட்டுங்க” என்று அவர்களுக்குத் தினமும் சளைக்காமல் பதில் சொல்கிறவர்களும் உண்டு. விடுபட்ட ஒரே ஒரு முக்காற்புள்ளியைத் தேடி ஏழு பேர் ஒரு மணி நேரம் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் அந்தக் குழுவில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நானூறு பேர் படிப்பார்கள் என்று நினைத்தாலே விரல் நின்றுவிடும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ‘ரெண்டாம் கண்’ என்று பெயர். யாராவது தாங்கள் எழுதிய நிரலில் மாற்றம் செய்தால், அதை வெளியே விடுவதற்கு முன் இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு “ரெண்டாம் கண் பார்த்தாச்சு” என்று குழுவில் எழுத வேண்டும். ஜமால் அண்ணனுக்கு ரெண்டாம் கண் நான். இருவரும் அந்தமான்காரர்கள் என்பதால் ஏற்பட்ட பழக்கம். ஆனால் குழுவில் எழுத எனக்குக் கூச்சம். அவருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புவேன். அவரே குழுவில் “ரெண்டாம் கண் பார்த்தாச்சு” என்று போட்டுவிடுவார். யார் அந்தக் கண் என்று ஒருவரும் கேட்டதில்லை. நேரில் நாங்கள் சந்தித்ததும் இல்லை.

அவர் எழுதிய நிரல் சின்னதுதான். ரங்கத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி யெரட்டா என்று ஒரு படகுத்துறை. அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கழி. அந்தக் கழியில் எப்போது தண்ணீர் ஏறும், எப்போது வற்றும் என்பதை இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, தினமும் காலை நாலரைக்கு அறுபது பேருக்கு அனுப்பும். மீன் பிடிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை, நிலாவைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எப்போதாவது கழியைக் கடக்கிற வாத்தியார், நர்ஸ், கடைக்காரர்கள்தான் அதைப் பார்த்தார்கள்.

நவம்பர் கடைசியில் அந்த இணையப் பக்கம் இந்திய நேரத்தை விட்டுவிட்டு உலக நேரத்தில் கொடுக்கத் தொடங்கியது. ஜமால் அண்ணன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி ஒரு மாற்றம் எழுதினார். அவர் நிரலில் சேர்த்திருந்த ‘லைப்ரரி’ என்னும் ஆயத்த நிரல் தொகுப்பின் புதிய பதிப்பு அதே ஐந்தரையை ஏற்கெனவே கூட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஆக, இரண்டு முறை கூட்டல். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம்தான் என்பதால், தண்ணீர் ஏறியிருக்கும் என்று நிரல் சொன்ன நேரத்தில் கழி ஏறக்குறைய வற்றிக் கிடக்கும்.

அந்த மாற்றத்தை அவர் எனக்கு அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு. “தங்கச்சி, இத ஒரு தடவ பாத்துருங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஆளுகளே கழியத் தாண்டணும்.” நான் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒற்றைக் கையால் “சரி” என்று தட்டினேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நான் சொல்லும் பதில் அது. கேட்டைச் சாத்து என்றால் சரி. சாப்பிட வா என்றால் சரி. கேட்டுவிட்டேன், செய்கிறேன் என்று அர்த்தம். அன்றைக்கும் அதுதான் அர்த்தம்: வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். வீட்டில் மின்சாரம் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் வேலை அதிகம். மறந்தே போனேன். அவர் அதைச் ‘சரியாக இருக்கிறது’ என்று படித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மைத்துனரின் நிச்சயதார்த்தம். பெண் வீடு கழிக்கு அந்தப் பக்கம். பதினான்கு பேர், அதில் நான்கு குழந்தைகள், புதுத்துணியும் பிரியாணி தேக்சாவுமாக டிங்கி எனும் சிறு படகில் ஏறியிருக்கிறார்கள். பாதி வழியில் டிங்கி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கழியில் முதலை உண்டு, யாரும் இறங்கித் தள்ள முடியாது. மறுபடி தண்ணீர் ஏறும்வரை, ஐந்து மணி நேரம் வெயிலில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும்தான் நல்ல செய்தி.

இதை நான் தெரிந்துகொண்டதே குழுவில்தான். ஜமால் அண்ணன் தானாகவே எழுதியிருந்தார்: என் நிரல் தப்பாகச் சொல்கிறது, யாரும் பயன்படுத்தாதீர்கள், நடந்தது இது என்று. முரளி சார் கேட்டார், “ரெண்டாம் கண் யார்?”

“பாத்தாங்க சார். சரின்னு சொன்னாங்க.”

“யாரு? பேரு சொல்லுங்க.”

“பேரு வேண்டாம் சார்.”

அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: “இல்லாத கண்ணுக்கு எப்படிண்ணே பேரு இருக்கும்?” சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “அது நான்தான்” என்று தட்டினேன். அழித்தேன். மூன்று முறை. நாலாவது முறை தட்டுவதற்குள் ‘ஜமால் குழுவிலிருந்து விலகினார்’ என்று வந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் அந்த நிரலை ஓட்டிப் பார்த்தேன். தவறைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது.

டிசம்பர் போனது, ஜனவரி போனது. பிப்ரவரி தொடக்கத்தில் குழுவில் ஒரு புதுப் பையன் தன் நிரலைப் போட்டு, ரெண்டாம் கண் பார்த்தாச்சு என்று எழுதினான். ஒருவர் கேட்டார், “நிஜக் கண்ணா, ரங்கத் கண்ணா?” மறுபடி சிரிக்கும் முகங்கள். பொய்ச் சாட்சிக்கு ‘ரங்கத் கண்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அன்று மாலையே பஸ் டிக்கெட் முன்பதிவு செய்தேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் செங்கல் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தப்பு உன்னுதா?”

“ஆமாப்பா.”

“அந்தாளு வெளிய சொல்லலையா?”

“சொல்லலை.”

“போயிட்டு வா. காலையில நான் கொண்டு போயி விடுறேன்.”

மூன்றே முக்காலுக்கு ஸ்கூட்டரில் கிளம்பி, நாலே காலுக்கு மோகன்புரா பேருந்து நிலையத்தில் இருந்தோம். தலைநகரின் பெயர் மாறிவிட்டது, பலகைகளில் ஸ்ரீ விஜயபுரம் என்று எழுதியிருக்கிறது. நடத்துநர்கள் இன்னும் பழைய பெயரையே கூவுகிறார்கள். அரசுப் பேருந்தை நாலரைக்கு எடுத்தார்கள். ரங்கத்துக்கு எனக்கு ஆன கட்டணம் 240 ரூபாய். தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். முன்பதிவு இல்லாமல் போனால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அடையாள அட்டை கட்டாயம்.

ஐந்து ஐம்பதுக்கு ஜிர்காடாங் சோதனைச் சாவடி. இங்கே எல்லா வண்டிகளும் வரிசையில் காத்திருந்து, காவல்துறை வண்டியோடு சேர்ந்து கான்வாயாகத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு கான்வாய். எங்களுடையது முதலாவது, ஆறரைக்கு விட்டார்கள். காத்திருக்கும் நேரத்தில் பூரியும் டீயும் கிடைக்கும், 50 ரூபாய். காட்டுக்குள் ஜாரவா பழங்குடி மக்களின் இடம் வழியாகச் சாலை போகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், அடுத்தவர் வீட்டு வாசலைக் கடக்கிறோம் என்ற நினைப்போடு கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். எப்படியும் அங்கே சிக்னல் கிடையாது.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், எங்களுக்குள் இந்திதான்.

“அகேலி ஜா ரஹி ஹோ? ஷாதி ஹை க்யா?” என்றார். தனியாகப் போகிறாயே, கல்யாணமா என்று கேட்கிறார்.

“நஹி ஆன்ட்டி. மாஃபி மாங்க்னே.” மன்னிப்புக் கேட்க.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “போன் மே நஹி ஹோதா?” என்றார். போனில் ஆகாதா? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை. இங்கே பேருந்து ஃபெர்ரியில் ஏறும், பயணிகள் இறங்கி நடந்து ஏற வேண்டும். பாராடாங் கரைக்கு இருபது நிமிடம். முன்பு இன்னொரு ஃபெர்ரியும் இருந்தது, இப்போது அந்த இடத்தில் பாலம் வந்துவிட்டதால் நேரம் மிச்சம். கதம்தலாவில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பதினொன்று ஐந்துக்கு ரங்கத் பேருந்து நிலையத்தில் இறங்கினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து பஜாருக்கு நடந்தே போகலாம். நான்காவது நிமிடத்தில் கடை வந்துவிட்டது. வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் கடை வாசலில் காணாமல் போனது. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கணினி, அதன் மேல் துணி போர்த்தி, துணியின் மேல் ரீசார்ஜ் அட்டைகள்.

“என்ன வேணும்மா?”

நான் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். “ரெண்டு காப்பிண்ணே.”

இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தார். நான் நகரவில்லை. “இன்னும் ரெண்டு” என்றேன். அவர் அட்டையைத் திரும்ப வாங்கினார். கல்லாப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெஹர் அக்கா, மடித்த காகிதத்தால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் பேச்சு ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ்.

“ஏம்மா, ஆதார வச்சு வீட்டுக்குச் சுவரொட்டி ஒட்டப் போறியா?”

அதற்குள் ஜமால் அண்ணன் அட்டையில் என் பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டார். கை அப்படியே நின்றது.

“நித்யாவா? புரோத்ராபூர் நித்யா?”

“ஆமாண்ணே.”

“உக்காருங்க” என்றார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அதில் இருந்த காகிதக் கட்டை அவரே எடுத்துக் கீழே வைத்தார்.

நின்றுகொண்டேதான் சொன்னேன். “அண்ணே, அன்னைக்கு நான் ஓட்டிப் பாக்கவே இல்ல. பஸ்ல இருந்தேன். பாக்குறேன்ங்கற அர்த்தத்துல சரின்னு போட்டேன். அப்புறம் மறந்துட்டேன்.”

மெஹர் அக்காவின் விசிறல் நின்றது. “இந்தப் புள்ளதானா அது? யாரு, யாருன்னு நான் மூணு மாசமாக் கேக்குறேன், இவுக எங்கிட்டகூட வாயத் தொறக்கல!”

“பொம்பளப் புள்ள பேர எதுக்கு ஊரெல்லாம்...” என்று ஜமால் அண்ணன் ஆரம்பித்து நிறுத்தினார்.

“பொம்பளப் புள்ளயா! அந்த டிங்கில நானும் பொம்பளதான். என் புள்ளைக ரெண்டும் இருந்துச்சு. கொசுவும் மணல் ஈயும் தின்னு முடிச்ச மிச்சத்தத்தான் மாப்பிள்ள வீடுன்னு போயி நின்னோம். பொண்ணோட பாட்டி கேக்குறா, எல்லாருக்கும் அம்மையான்னு!” சொல்லிவிட்டு அவருக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “ஏம்மா, சரின்னா சரின்னுதானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம்?”

“எங்க வீட்ல... கேட்டுட்டேன்னு அர்த்தம் அக்கா.”

“எங்க வீட்டுலயும் அதான்” என்றார் ஜமால் அண்ணன் மெதுவாக. “இவகிட்ட நான் நாளைக்கு அம்பது தடவ சரிங்குறேன். ஒண்ணாவது நடந்துருக்கா? நான்தான் யோசிச்சிருக்கணும். அத விடுங்க.”

அவ்வளவு எளிதில் விட்டுவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் இயந்திரத்தின் மூடியைச் சாத்தியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“குரூப்ல அவங்க பேரு கேட்டாங்கல்ல. அப்ப நீங்க இருந்தீங்க. உங்க பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இருந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப எழுதுவாங்க, இப்ப எழுதுவாங்கன்னு. டைப் பண்றீங்கன்னுகூட நம்ம தனிச் செய்தியில காட்டுச்சு. அப்புறம் நின்னுருச்சு.”

அன்றைக்குக் குழுவில் தட்டி அழித்ததற்கு நடுவே, அவருக்குத் தனியாக ஒரு மன்னிப்பும் தட்டி அழித்திருந்தேன். அது அவர் திரையில் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

“டிங்கி சேத்துல மாட்டினதுக்கு ஊர்ல கேலி பண்ணாங்க. பஜார்ல இன்னமும் என்னைய உல்டா மெஷின்னுதான் கூப்புடுறாங்க. அது பரவால்ல, தப்பு என்னுது. ஆனா அங்க என்னையப் பொய் சொல்றவன்னாங்க. பைத்தான்ல ரெண்டு வார்த்த எழுதத் தெரிஞ்சதுக்கே அந்தக் குரூப்தான் காரணம். அங்க...” என்றவர், மீதியைச் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தார். தொழுகைக்கு நேரமாகியிருந்தது. “இருந்து டீ குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“நான் குழுவுல எழுதிடுறேன் அக்கா” என்றேன்.

“அவுக நம்பரையே மாத்திட்டாக, அவுகளுக்கு அந்தக் குரூப்புல இப்ப ஒண்ணுமில்ல. ஆனா எழுது. என் கண்ணு முன்னாடி எழுது.” ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். “ஒண்ணு கேக்குறேன். இத உங்க ஊர்ல உக்காந்தே எழுதிருக்கலாமே? இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தே?”

பதில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. நானூறு பேர் பார்க்க ஒரு வரி எழுதுவதைவிட, ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து ஒருவர் முன்னால் நிற்பது எனக்கு எளிதாக இருந்தது. வந்தால், எழுதாமலே முடிந்துவிடும் என்றுகூட எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

எழுதினேன். ஜமால் அண்ணன் பொய் சொல்லவில்லை, ரெண்டாம் கண் நான், ஓட்டிப் பார்க்காமலே பதில் போட்டேன், கேட்டபோது பயந்து சும்மா இருந்தேன், இப்போது ரங்கத்தில் அவர் கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன் என்று. மெஹர் அக்கா கைப்பேசியை வாங்கி உதடசைத்து இரண்டு முறை படித்தார். “பயந்துன்னு எதுக்கு? முதலைக்குப் பயந்தது நாங்க. நீ எதுக்குப் பயந்த? எடு அத.” எடுத்தேன். கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். அனுப்பினேன். சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருந்ததால் கடிகாரக் குறி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீ குடித்து முடிக்கும்போதுதான் போனது.

“அண்ணனோட புது நம்பர் கெடைக்குமா அக்கா?”

“நம்பரெல்லாம் வேண்டாம்மா. ஏதாவது சொல்லணும்னா கடைக்கு வா.”

மதியம் ஆட்டோ பிடித்து யெரட்டா போனேன். போய்வர 300 ரூபாய், அரை மணி நேரம் காத்திருப்பதையும் சேர்த்து. அங்கே அலையாத்திப் பூங்காவில் மரப்பலகை நடைபாதையும் ஒரு காவல் கோபுரமும் இருக்கின்றன. கோபுரத்தில் ஏறினால் கழி முழுக்கத் தெரியும். நான் போனபோது தண்ணீர் வற்றியிருந்தது. இரண்டு பக்கமும் வேர்கள், நடுவே பளபளவென்று சாம்பல் நிறச் சேறு, அதில் ஒரு ஓடைபோலக் கொஞ்சம் தண்ணீர். ஒரு மரத்தடி நிழல்கூட நடுக்கழி வரை எட்டவில்லை. பதினான்கு பேரை அங்கே உட்கார வைத்துப் பார்த்தேன். அதற்குமேல் கோபுரத்தில் நிற்கப் பிடிக்கவில்லை.

துறையில் ஒரு வங்காளிப் படகுக்காரர் டிங்கிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். கோபால் தாதா, அதாவது கோபால் அண்ணன், என்று ஆட்டோக்காரர் அறிமுகம் செய்தார். நிச்சயதார்த்த டிங்கியை ஓட்டியவர் அவரேதான். தமிழும் இந்தியும் கலந்து பேசினார்.

“மைனே போலா, ஜமால் பாய், பானி உதரேகா, வேண்டாம். அவர் போன் காட்டுது. மெஷின் போல்தா ஹை, ஏறும். நான் சொன்னேன், உன் மெஷின், என் சாந்த்.” தார் பூசிய விரலால் வானத்தைக் காட்டினார். பானி உதரேகா என்றால் தண்ணீர் இறங்கும், சாந்த் என்றால் நிலா. “அவர் சொன்னார், தாதா, இத ரெண்டு பேர் செக் பண்ணிருக்கோம். ரெண்டு பேர்! நான் ஒரு ஆள். ரெண்டு பேர் சொன்னா நான் என்ன பண்ணும்? சலோ.”

“அந்த ரெண்டாவது ஆள் செக் பண்ணலை தாதா” என்றேன்.

“அப்பிடியா?” என்று சிரித்தார். “தோ ஜூட்டா கஹி கா. அவன் பொய்க்காரன். கையில கெடச்சா சேத்துல எறக்கி விடுறேன்.”

அது நான்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. பெண்ணே விளையாடாதே என்பதுபோலக் கையை வீசிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நாலு மணிக்கு ரங்கத் திரும்பியதும் கைப்பேசி தொடர்ந்து அதிர்ந்தது. இல்லாத கண்ணுக்கு எப்படிப் பேர் இருக்கும் என்று கேட்டவர்தான் முதலில் எழுதியிருந்தார்: “பரவாயில்லை சிஸ்டர், தைரியமாச் சொன்னீங்க.” கீழே வரிசையாகக் கைதட்டல்கள், பூக்கள். எல்லாம் எனக்கு. எனக்குக் கிடைக்க வேண்டியவை இல்லை அவை. ஜமால் அண்ணனைப் பொய்யன் என்றதற்கு ஒருவர்கூட வருத்தம் சொல்லவில்லை. முரளி சார் மட்டும் எழுதினார்: “தவறு என்னுடையது. பெயர் கேட்டு அவரை அவமானப்படுத்தியிருக்கக் கூடாது. அவரை மறுபடி சேர்க்கிறேன்.” பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி. அந்த எண்ணில் கணக்கே இல்லை, ஜமால் அண்ணன் அழித்துவிட்டிருக்கிறார். பிறகு எனக்குத் தனியாக: “நீங்கள் ரங்கத்தில்தானே இருக்கிறீர்கள்? குழு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறது என்று நேரில் சொல்லிவிடுங்கள். வாரம் ஒருநாள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.”

உடனே கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாலை அவர் கோழித்தீவனம் எடுக்கப் போய்விடுவார், காலை எட்டரைக்குத் திறப்பார் என்று பக்கத்து மருந்துக்கடையில் சொன்னார்கள். வீடு எது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பஜாருக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் 800 ரூபாய்க்கு அறை எடுத்தேன். சுத்தமான அறை, தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது. தனியாகப் போகும் பெண்கள் தைரியமாகத் தங்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிப் பேருந்துக்கு முன்பதிவு செய்திருந்தேன். அலுவலகத்தில் இரண்டு நாள்தான் விடுப்பு. ஒன்பதே காலுக்கும் ஒரு பேருந்து இருக்கிறது, அதில் போயிருந்தாலும் மதியக் கான்வாயைப் பிடித்து மாலைக்குள் வீட்டுக்கு வந்திருக்கலாம். அது எனக்குத் தெரியும். முன்பதிவு செய்த டிக்கெட் வீணாகுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன்.

இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேருந்து, தங்கல், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 ரூபாய் ஆனது. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், மழைக்காலத்தில் ஃபெர்ரி தாமதமாகும். வழியில் சிக்னல் கிடையாது என்பதால் தேவையான எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யெரட்டாவில் படகேறுவதாக இருந்தால், கைப்பேசியில் எந்த நேரம் வந்தாலும் துறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திரும்பும் பேருந்துக்கு முன்பதிவு செய்யாமல் போங்கள், போன வேலை முடிய ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்படலாம்.

குழுவில் இருப்பவர்களுக்கு: யாராவது நிரலை அனுப்பினால், ‘இன்னும் பார்க்கவில்லை’ என்றோ ‘ஓட்டினேன், இந்த எண் வந்தது’ என்றோ முழு வாக்கியமாக எழுதுங்கள். முரளி சார் இப்போது இதை விதியாக்கிவிட்டார். ‘ரங்கத் கண்’ என்று யாரும் சொல்வதில்லை.

நிரலை நான் திருத்திவிட்டேன், மாற்றியது ஒரே ஒரு வரி. நான் திருத்தியதை ஓட்டிப் பார்த்தவர் என்ற இடத்தில், குழுவில் இருக்கும் வேறொருவரின் பெயர் முதன்முறையாக எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. எழுதியவர் பெயர் ஜமால் என்றே இருக்கிறது. இது எதுவும் அவருக்குத் தெரியாது. முரளி சார் சொல்லச் சொன்னதும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கடை காலை எட்டரைக்குத் திறக்கிறது. அதற்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போய்வந்து ஐந்து வாரமாகிறது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.